ஆயிரம் புராசசர்கள் பேசிக்கொள்வது எப்படி?

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பாட்டிமார்களுக்கு ஆளுக்கு ஒரு நிரை உண்டு. ஒருவர் சீவி முடிக்கட்டும் என்று இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் இரட்டிப்பானால் சீவிய மரங்களும் இரட்டிப்பாகும். கல்யாண வீட்டுச் சமையல் அப்படியல்ல. வெங்காயம் நறுக்குகிறவர் கொடுத்தால்தான் தாளிக்கிறவர் தொடங்க முடியும். அரிசி களைந்து வந்தால்தான் உலை வைத்தவருக்கு வேலை. பத்துப் பேர் நிற்கும் அந்த அடுப்பங்கரைக்குப் பதினோராவது ஆள் வந்தால் வேலை வேகமாகுமா, இடைஞ்சலாகுமா?

கணினி உலகத்திலும் இந்த இரண்டு வகை வேலைகள் உண்டு. ஒரே கணக்கைப் பல புராசசர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துச் செய்யும் முறையை இணைக் கணிப்பு என்கிறோம். உலகின் பெரிய கணக்குகளில் பல, கல்யாணச் சமையல் வகையைச் சேர்ந்தவை. அங்கே ஒவ்வொரு புராசசரும் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறது என்பது பாதிக் கதைதான். ஒன்று மற்றொன்றுக்கு அனுப்பும் தகவல் எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்பதே மீதிக் கதை. இந்த வாரம் அந்த மீதிக் கதையைப் பார்ப்போம்.

மழைக்கு முன்பே வர வேண்டிய விடை

2021 டிசம்பர் வெள்ளத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைகளில் மக்கள் உதவிக்காகக் காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட மழையை முன்கூட்டியே கணிக்க வானிலை ஆய்வாளர்கள் கணினியைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது? வானத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம் என எண்கள் உண்டு. இன்னும் ஒரு நிமிடம் கழித்து அந்த எண்கள் என்னவாகும் என்று கணக்கிட்டு, பிறகு அதற்கடுத்த நிமிடம், அதற்கடுத்த நிமிடம் என்று முன்னேறுகிறார்கள். வரைபடத்தில் ஒரு துண்டு ஒரு புராசசருக்கு, அடுத்த துண்டு இன்னொன்றுக்கு.

ஆனால் காற்று எல்லை பார்த்து நிற்பதில்லை. கிள்ளான் துண்டிலிருந்து கிளம்பும் ஈரக் காற்று சாலாக் செலாத்தான் துண்டுக்குள் நுழையும். ஆகவே ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு புராசசரும் தன் ஓரத்து எண்களை அண்டை புராசசர்களுக்கு அனுப்பியாக வேண்டும்; அவர்களுடையதைப் பெற்றாக வேண்டும். ஆயிரத்தில் 999 புராசசர்கள் வேலையை முடித்திருக்கலாம். ஒரே ஒரு தகவல் வழியில் மாட்டிக்கொண்டாலும், அதற்காகக் காத்திருக்கும் புராசசர் நிற்கும். அதை நம்பிய அண்டைகள் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கணக்கும் நிற்கும். நாளைய மழைக்கான விடை நாளை மறுநாள் வந்தால் அதனால் யாருக்கு என்ன பயன்?

தரமணியில் ஒரு 'கப்ரு'

இந்தப் பிரச்சினையை நேரில் சந்தித்த கணினி ஒன்று சென்னையில் இருந்தது. தரமணியில் உள்ள கணித அறிவியல் கழகத்தில், குவார்க் எனப்படும் நுண்துகள்களைப் பற்றிய கணக்குகளுக்காக 2004-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கணினித் தொகுப்பை அமைத்தார்கள். அதற்கு இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரைச் சூட்டி 'கப்ரு' என்று அழைத்தார்கள். அதில் 144 கணினிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு புராசசர்கள். கடையில் கிடைக்கும் கணினிகளைக் கோத்து உருவாக்கிய அந்தத் தொகுப்பு, உலகின் முதல் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் இடம் பிடித்தது.

144 கணினிகளை எப்படி இணைப்பது? ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாக இணைக்க வேண்டுமானால் 10,296 கம்பிகள் வேண்டும். நடக்கிற காரியமா? கப்ருவில் அவற்றை 6 × 6 × 4 என்ற முப்பரிமாணக் கட்டத்தில் அடுக்கினார்கள். ஒவ்வொரு கணினிக்கும் இடம், வலம், முன், பின், மேல், கீழ் என ஆறு அண்டைகள் மட்டும். வரிசையின் கடைசிக் கணினியிலிருந்து முதல் கணினிக்கு ஓர் இணைப்பு கொடுத்து, ஒவ்வொரு வரிசையையும் வளையமாக்கினார்கள். இந்த அமைப்பை டோரஸ் என்பார்கள்.

வளையத்தால் என்ன லாபம் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வளையம் இல்லாவிட்டால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போக 5 + 5 + 3 = 13 தாவல்கள். வளையம் இருந்தால் எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் சுற்றிக்கொள்ளலாம். அதிகபட்சம் 3 + 3 + 2 = 8 தாவல்கள்தான்.

இந்தியாவுக்கு இந்தத் துறையில் கப்ருவுக்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. 1980-களின் பிற்பகுதியில், ஆற்றல் மிக்க கிரே கணினியை விற்க அமெரிக்கா தயங்கியது. அதையடுத்து 1988-இல் புனே நகரில் சிடாக் என்ற அரசு நிறுவனம் உருவானது. விஜய் பட்கர் தலைமையில் அங்குள்ளவர்கள் 1991-இல் 'பரம் 8000' கணினியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு ராட்சதப் புராசசருக்குப் பதிலாக, பிரிட்டனின் இன்மோஸ் நிறுவனம் தயாரித்த டிரான்ஸ்பியூட்டர் என்ற சில்லுகளைப் பலவாகக் கோத்தார்கள். அந்தச் சில்லின் சிறப்பே, மற்றச் சில்லுகளோடு பேசுவதற்கென்று நான்கு இணைப்புகள் அதிலேயே பதிந்திருந்ததுதான். நான்கு கைகள் உள்ள புராசசர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சல் பையா, ரயிலா?

வழி இருக்கிறது. அதில் தகவல் எப்படிப் பயணம் செய்கிறது?

பழைய முறை அஞ்சல் பை போன்றது. ஒரு கணு தகவல் முழுவதையும் வாங்கி, சேமித்து, பிறகு அடுத்த கணுவுக்கு அனுப்பும். ஒரு தகவலில் 100 துண்டுகள் இருக்கின்றன, ஒரு துண்டு ஒரு கம்பியைக் கடக்க ஒரு நொடிப்பொழுது ஆகிறது என்று கொள்வோம். 10 தாவல் தூரம் போக 10 × 100 = 1,000 பொழுதுகள்.

இரண்டாவது முறை ரயில் போன்றது. நீளமான ரயிலின் தலைப்பெட்டி கே.எல். சென்ட்ரலை எட்டும்போது, கடைசிப் பெட்டி இன்னும் மிட் வேலியைத் தாண்டாமல் இருக்கலாம். அதுபோல, தகவலின் முதல் துண்டு வழி காட்டிக்கொண்டே முன்னே போகும். மற்றத் துண்டுகள் நிற்காமல் பின்னே ஊர்ந்து வரும். முதல் துண்டு போய்ச் சேர 10 பொழுதுகள். மீதி 99 துண்டுகளுக்கு 99 பொழுதுகள். மொத்தம் 109. புழு ஊர்வதுபோல் இருப்பதால் இதைப் 'புழுத்துளை' முறை என்கிறார்கள். கால்டெக் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டாலி, சார்லஸ் சைட்ஸ் ஆகிய இருவரும் 1980-களின் மத்தியில் இதைச் சில்லாகவே செய்து காட்டினார்கள்.

குறுக்கு வழியே குழி பறிக்கும்போது

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். எந்த வழியாக அனுப்புவது? "இதில் என்ன கேள்வி? கிட்டத்து வழிதான்!" என்பீர்கள். காலை ஏழரை மணிக்குச் சுங்கை பீசி சாலையில் நின்றவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கிட்டத்து வழி எல்லாருக்கும் கிட்டத்து வழிதானே!

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் எட்டு புராசசர்களை வையுங்கள். அவற்றுக்கு 000, 001, 010 என்று 111 வரை இரும எண்களில் முகவரி கொடுங்கள். முகவரியில் ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறுபட்டால் அவை அண்டைகள். 000-இலிருந்து 101-க்குப் போக வேண்டுமா? இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாகத் திருத்திக்கொண்டே போங்கள்: 000, 100, 101. இரண்டே தாவல். இதே அமைப்பை நான்கு, ஐந்து, ஆறு பரிமாணங்களுக்கும் நீட்டலாம். கால்டெக்கில் 1983-இல் இயங்கத் தொடங்கிய 'காஸ்மிக் கியூப்' கணினியில் 64 புராசசர்கள் ஆறு இலக்க முகவரிகளோடு இப்படித்தான் கோக்கப்பட்டிருந்தன.

20 இலக்கம் என்றால் புராசசர்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டும். சரியாகச் சொன்னால் 10,48,576. ஆனாலும் எந்த இரண்டுக்கும் இடையே 20 தாவலுக்கு மேல் இல்லை. அற்புதமான அமைப்பு!

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு புராசசரும் தன் முகவரியின் முதல் பாதியையும் பின் பாதியையும் இடம் மாற்றினால் வரும் முகவரிக்கு ஒரு தகவல் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். இது வேண்டுமென்றே கற்பனை செய்த வக்கிரமான கணக்கு அல்ல. எண் அட்டவணையில் கிடைவரிசைகளை நெடுவரிசைகளாக மாற்றும்போது இதேதான் நடக்கும். படிவம் ஐந்தில் அணிகள் படித்தவர்களுக்குப் புரியும். இலக்கங்களை இடமிருந்து வலமாகத் திருத்தினால், பின் பாதி ஒரே மாதிரி உள்ள 1,024 தகவல்களும் ஒரே கணுவில் வந்து கூடும். அவற்றில் 512 தகவல்கள் அந்தக் கணுவுக்குள் நுழையும் ஒரே கம்பிக்காக வரிசையில் நிற்கும். 20 தாவலில் முடிய வேண்டிய பயணத்துக்கு 512 பொழுதுகளுக்குக் குறையாமல் ஆகும். மற்ற எத்தனையோ கம்பிகள் சும்மா கிடக்கும்!

விதியை மாற்றி வலமிருந்து இடமாகத் திருத்தலாமே? அதற்கும் வேறொரு கூட்டம் வந்து சேரும். முகவரியை மட்டும் பார்த்து வழியை முன்கூட்டியே தீர்மானிக்கும் எந்த விதியானாலும், அதைத் திணறடிக்கும் ஒரு பயண அட்டவணை இருந்தே தீரும் என்று ஆலன் போரடின், ஜான் ஹாப்கிராஃப்ட் இருவரும் 1982-இல் கணித முறையில் நிறுவினார்கள்.

காசு சுண்டிப் பார்த்த கணிதவியலாளர்

இதற்கு ஒரு வேடிக்கையான தீர்வைக் கண்டவர் லெஸ்லி வாலியண்ட். பின்னாளில், 2010-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றவர். 1980-களின் தொடக்கத்தில் அவர் சொன்னது இதுதான்: தகவலை நேராக அது போக வேண்டிய இடத்துக்கு அனுப்பாதீர்கள். முதலில் குலுக்கல் போட்டு, ஏதோ ஓர் இடத்துக்கு அனுப்புங்கள். அங்கிருந்து உரிய இடத்துக்கு அனுப்புங்கள்.

சாலாக் செலாத்தானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டியவரை முதலில் ரவாங்குக்கு அனுப்பினால் அவர் நம்மைத் திட்டுவார். பிறகு இது எப்படித் தீர்வாகும்?

நெரிசலுக்குக் காரணம் தூரம் அல்ல. எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவதுதான். குலுக்கல் போட்டவுடன் அந்தக் கூட்டம் கலைந்து நாலா பக்கமும் சீராகப் பரவிவிடுகிறது. அடுத்து, பரவிய இடங்களிலிருந்து உரிய இடங்களுக்குப் போகும் பயணம், முதல் பயணத்தைத் திருப்பிப் போட்டதுதான். அதுவும் சீராகவே இருக்கும். தூரம் இரட்டிப்பாகலாம். ஆனால் 512 பொழுதுகள் காத்திருக்கும் வரிசை மறைந்து, ஏறக்குறைய எப்போதுமே 20-இன் சில மடங்குக்குள் எல்லாத் தகவல்களும் போய்ச் சேரும். எந்தக் குறும்புக்காரனும் இதைத் திணறடிக்கும் அட்டவணையைத் தயாரிக்க முடியாது. குலுக்கலில் என்ன விழும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

இந்தத் துறையில் நமக்குப் பெருமை தரும் ஒரு பெயரும் உண்டு: சங்குத்தேவர் ராஜசேகரன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டமும், 1988-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டமும் பெற்று, அமெரிக்காவில் பேராசிரியர் ஆனவர். சாதாரணச் சதுரக் கட்டத்தில் அடுக்கிய புராசசர்களுக்கு எந்த வழிமுறை உகந்தது என்று அவர் தானாசிஸ் சான்டிலாஸ் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். ஒரு பக்கத்துக்கு 100 புராசசர்கள் உள்ள சதுரத்தில் மூலைக்கு மூலை போக எப்படியும் 198 தாவல்கள் வேண்டும். குலுக்கல் முறையைச் சதுரம் முழுவதிலும் அலையவிடாமல், சிறு பகுதிகளுக்குள் அடக்கிப் பயன்படுத்தினால், தவிர்க்கவே முடியாத அந்தத் தூரத்தைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் எல்லாத் தகவல்களையும் சேர்த்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதோடு, எந்தக் கணுவிலும் நீண்ட வரிசை சேராது. ஒவ்வொரு சில்லிலும் தகவலைத் தேக்கிவைக்கும் இடம் மிகக் குறைவு என்பதால், அந்த இரண்டாவது லாபம் சிறியதல்ல.

யாரும் நகர முடியாத சந்திப்பு

நெரிசலைவிட மோசமான ஒன்று உண்டு. நாற்சந்தியில் நான்கு கார்கள் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டன. முதல் காருக்கு இரண்டாவது வழிவிட வேண்டும், இரண்டாவதற்கு மூன்றாவது, மூன்றாவதற்கு நான்காவது, நான்காவதற்கோ முதல் கார். பின்னால் போகவும் இடமில்லை. நெரிசல் என்றால் எப்போதாவது தீரும். இது தீரவே தீராது. கணினியில் இதை முட்டுக்கட்டை நிலை என்கிறோம். புழுத்துளை முறையில், ஒரே தகவல் பல கம்பிகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பதால் இந்த ஆபத்து அதிகம்.

தீர்வு எளிமையானது. சதுரக் கட்டத்தில் "முதலில் கிடைவரிசையில் போ, பிறகு நெடுவரிசையில் திரும்பு, மறுபடி கிடைவரிசைக்குத் திரும்பாதே" என்று ஒரு விதி போதும். வட்டமாக மாட்டிக்கொள்ள வேண்டுமானால், யாராவது ஒருவர் நெடுவரிசையிலிருந்து கிடைவரிசைக்குத் திரும்பியே ஆக வேண்டும். அதைத் தடுத்துவிட்டால் வட்டமே உருவாகாது. 'வலப்பக்கம் திரும்பாதே' என்று ஒரு பலகை நட்டு முழுச் சந்திப்பையும் காப்பாற்றுவது போலத்தான்.

கப்ருவைப் போன்ற டோரஸ் அமைப்பில் ஒவ்வொரு வரிசையுமே வட்டம் என்பதால் அந்த விதி மட்டும் போதாது. இதற்கு டாலியும் சைட்ஸும் 1987-இல் ஒரு வழி சொன்னார்கள். ஒரே கம்பியில் இரண்டு தடங்கள் இருப்பதாகப் பாவியுங்கள். வளையத்தில் ஓரிடத்தில் கோடு கிழியுங்கள். அதைத் தாண்டும் தகவல் இரண்டாம் தடத்துக்கு மாறிவிட வேண்டும். அவ்வளவுதான், வட்டம் சுருளாகிவிடுகிறது. தலையும் வாலும் சந்திப்பதில்லை.

இன்றைக்கு இது எங்கே?

ஜப்பானின் 'புகாக்கு' கணினி 2020 ஜூனில் உலகின் முதலிடத்தைப் பிடித்தது. அதன் 1,58,976 கணுக்களும் ஆறு பரிமாண வளைய அமைப்பில் கோக்கப்பட்டவை. 2022-இல் நொடிக்குக் கோடி கோடி கோடிக்கணக்கில் அல்ல, பத்தாயிரம் கோடி கோடி கணக்குகளுக்கு மேல் போட்டு முதலிடம் பெற்ற அமெரிக்காவின் 'ஃபிரண்டியர்' வேறொரு வலை அமைப்பைப் பயன்படுத்துகிறது. அந்த வகை வலைகளில் வாலியண்டின் யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. வழி காலியாக இருந்தால் தகவல் நேராகப் போகும். கூட்டம் இருந்தால், குலுக்கலில் தேர்ந்த வேறோர் இடத்தைச் சுற்றிப் போகும். அண்டை வீட்டுக்குப் போக ரவாங்கைச் சுற்ற வேண்டாம் என்ற அறிவும் உண்டு. நெரிசல் வந்தால் சுற்றும் பொறுமையும் உண்டு.

நம் நாட்டுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. ஜொகூர், கூலாயில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையத்தை அமைக்கப்போவதாக ஒய்.டி.எல். நிறுவனமும் என்விடியாவும் 2023 டிசம்பரில் அறிவித்தன. இப்படிப்பட்ட மையங்களில் ஆயிரக்கணக்கான சில்லுகள் ஒரே கணக்கைச் சேர்ந்து செய்கின்றன. எத்தனை சில்லுகள் வாங்கினார்கள் என்பதைத்தான் செய்திகள் சொல்கின்றன. அந்தச் சில்லுகளை இணைக்கும் வலையைப் புரிந்துகொண்டு, அதை நடத்தவும் திருத்தவும் தெரிந்த ஆட்களும் அங்கே தேவை. எஸ்.பி.எம். முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் இதை மனத்தில் வையுங்கள். அதற்கான அடித்தளம் இரும எண், அணி, நிகழ்தகவு ஆகியவை. இவை மூன்றும் இடைநிலைப்பள்ளிப் பாடங்கள்தான்.

செய்து பாருங்கள்

ஒரு கட்டத்தாள், பென்சில், ஒரு பகடை போதும். 4 × 4 என்று 16 புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைவரிசை எண், நெடுவரிசை எண் என முகவரி எழுதுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் இரு எண்களையும் இடம் மாற்றினால் வரும் புள்ளிக்குத் தகவல் அனுப்புகிறது. (1,3) என்பது (3,1)-க்கு. முதலில் கிடைவரிசையில் போய், பிறகு நெடுவரிசையில் திரும்பும் விதியைப் பின்பற்றிக் கோடு வரையுங்கள். திரும்பும் இடங்களில் ஒரு குறி போடுங்கள். பயணம் செய்யும் 12 தகவல்களும் மூலைவிட்டத்தில் உள்ள நான்கே புள்ளிகளில் திரும்புவதைக் காண்பீர்கள்.

இப்போது வேறொரு தாளில், ஒவ்வொரு தகவலுக்கும் பகடை உருட்டுங்கள். 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். விழுந்த எண்ணுள்ள கிடைவரிசைக்கு, தன் நெடுவரிசை வழியாகவே அதை முதலில் அனுப்புங்கள். பிறகு பழைய விதிப்படி கிடைவரிசை, நெடுவரிசை. கிடைவரிசையிலிருந்து நெடுவரிசைக்குத் திரும்பும் இடங்களில் மறுபடி குறி போட்டு, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து எண்ணுங்கள். குறிகள் எப்படிப் பரவியிருக்கின்றன? 4-க்குப் பதிலாக 6 × 6 கட்டத்தில் செய்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே பகடையின் ஆறு எண்களும் பயன்படும்.